இரண்டு கால் பெருவிரல் மூட்டுகளுக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

நங்கநல்லூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். பெரும்பாலும் நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டு பாதங்களிலும் பெருவிரலின் அடிமூட்டு உட்பக்கமாகப் புடைத்து, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்துவிட்டது. என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே பாதம்தான். அவர்கள் காலமெல்லாம் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் சமாளித்துவிட்டார்கள். எனக்கு அது முடியவில்லை. வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது பேருந்தின் படியில் கால் வைக்கவே தயக்கமாக இருக்கிறது.

அகலமான செருப்பு, விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிக்கான் துண்டு, இரவில் கட்டிக்கொள்ளும் பட்டை ஆகிய எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் பெருவிரலின் சாய்வுக் கோணம் வலது காலில் 42 டிகிரி, இடது காலில் 28 டிகிரி என்று வந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நியாயம்தான் என்கிறார். இடது காலில் எலும்பை வெட்டி நகர்த்தித் திருகு வைத்தால் போதுமாம். வலது காலில் பாதத்தின் நடுப்பகுதியில் இருக்கும் மூட்டும் தளர்ந்திருப்பதால், அதையும் சேர்த்து இறுக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்வதா, இடைவெளி விட்டுச் செய்துகொள்வதா என்பதை வீட்டுச் சூழலைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

என் விருப்பம், கோடை விடுமுறையில் இரண்டையும் முடித்துக்கொண்டு ஜூனில் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது. என் கணவரும் அதையே சொல்கிறார். இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு முறை விடுப்பு, இரண்டு முறை செலவு எதற்கு என்பது அவர் கேள்வி. ஆனால் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது; லிஃப்ட் கிடையாது. கணவர் காலை ஏழு மணிக்கே அம்பத்தூருக்குக் கிளம்பிவிடுவார். மாமியாருக்கு 80 வயது. அவருக்கே ஒரு துணை தேவை. கோவையில் இருக்கும் மகள் இரண்டு வாரம் வந்து இருப்பாள். எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையை இரண்டு கால்களுக்கும் செய்துகொண்டவர்கள், எப்படித் தயாரானீர்கள், எத்தனை காலத்தில் சாதாரணமாக நடந்தீர்கள், எது எதிர்பாராமல் கடினமாக இருந்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும். மெட்டியைக் கழற்ற வேண்டுமா என்று மாமியார் கேட்கச் சொன்னார். அதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.


மாம்பலத்துக்காரர்:

சகோதரிக்கு வணக்கம். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பிரச்சினை பெண்களுக்குத்தான் அதிகம் என்பார்கள். எனக்கும் இரண்டு பாதங்களிலும் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் செய்துகொண்டேன், அதற்காக வருந்தவில்லை. ஆனால் என் நிலைமை வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தரைத்தளத்தில் இருக்கிறது, மனைவி நாள் முழுவதும் உடன் இருந்தார், மகனும் அதே தெருவில் வசிக்கிறான். இரண்டு கால்களுமே மிதமான சாய்வு கொண்டவை என்பதால் குதிகாலை ஊன்றி முதல் நாளிலிருந்தே சில அடிகள் நடக்க மருத்துவர் அனுமதித்தார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் வேறு முடிவுதான் எடுத்திருப்பேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். அதோடு கணுக்காலிலும் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அதனால் அன்று மாலை வரை வலியே தெரியவில்லை. நள்ளிரவில் அந்த மருந்தின் வேகம் குறைந்தபோதுதான் வலி என்றால் என்னவென்று தெரிந்தது. வலி தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுக்கொண்டால் அது வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்பதால், மரத்துப்போன நிலை கலைவதற்கு முன்பே முதல் மாத்திரையை எப்போது தருவார்கள் என்று செவிலியரிடம் மாலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி பெரிதும் அடங்கிவிட்டது. பிறகு தொந்தரவு கொடுத்தது வீக்கம்தான். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சில நிமிடங்களிலேயே கட்டுக்குள் விண்விண் என்று தெறிக்கும். இரண்டு தலையணைகள் போட்டு, பாதம் மார்புக்கு மேலே இருக்கும்படி படுத்தால் உடனே குறையும். முதல் இரண்டு வாரங்கள் நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று சொல்லலாம்.

உண்மையான போராட்டம் குளியலறையில். நம் ஊர் வீடுகளில் குளியலறை வாசலில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும், உள்ளே தரை எப்போதும் ஈரமாக இருக்கும், வாக்கர் நுழைகிற அகலத்தில் கதவு இருக்காது. வாக்கரை வாங்குவதற்கு முன்பே கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். நாங்கள் கழிப்பறையில் ஒரு கைப்பிடி பொருத்தினோம். வெஸ்டர்ன் கழிப்பறையின் மேல் வைக்கும் உயர்த்தி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். குதிகாலை மட்டும் ஊன்றிக்கொண்டு தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது முன்கூட்டி யாருக்கும் தோன்றுவதில்லை. குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, எதிரே ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். தையல் பிரிக்கும் வரை கட்டு நனையவே கூடாது. இரவுக்கு நான் படுக்கையருகே சிறுநீர்ப் புட்டி வைத்துக்கொண்டேன். பெண்களுக்குப் படுக்கையருகே வைக்கும் கமோடு நாற்காலிதான் வசதி. சக்கர நாற்காலி, வாக்கர், கமோடு நாற்காலி மூன்றையும் மாத வாடகைக்குத் தரும் கடைகள் சென்னையில் பல இருக்கின்றன. ஆகவே எதையும் விலைக்கு வாங்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதில் அதிகம் பேசப்படாத ஒரு நன்மை உண்டு. இரண்டு காலிலும் ஒரே உயரமுள்ள கெட்டியான அடி கொண்ட சர்ஜிக்கல் செருப்பு என்பதால் இடுப்பு கோணாமல் நடக்கலாம். ஒரு கால் மட்டும் செய்துகொண்ட என் நண்பருக்குக் கால் குணமாவதற்குள் முதுகுவலி வந்துவிட்டது.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்று சொல்லி மறுப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே வலி, நடையில் உள்ள சிரமம், பலன் தராத முந்தைய சிகிச்சைகள் ஆகியவை மருத்துவரின் குறிப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்திருக்கிறது. உங்கள் பாலிசி எந்த ஆண்டில் தொடங்கியது என்பதைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.


வேளச்சேரி வாசி:

நான் எதிர்ப்பக்கம். ஒரு தை மாதத்தில் இடது கால், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் வலது கால் என்று பிரித்துச் செய்துகொண்டேன். தனியாக வசிப்பவள் என்பதால் எனக்கு வேறு வழியில்லை. நல்ல கால் ஒன்று இருந்தால் அடுப்படி வரைக்கும் போகலாம், கதவைத் திறக்கலாம், விழப்போனால் ஊன்றிக்கொள்ளலாம். உதவிக்கு வந்த அக்கா ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னால் நாட்களை ஓட்ட முடிந்தது.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எங்கள் பகுதியில் தெருவில் தண்ணீர் நின்றால் நல்ல கால் உள்ளவர்களே வெளியே போக முடியாது. அந்த நேரத்தில் புதுத் தையலோடு மருத்துவமனைக்குப் போவதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. மே மாதத்துக்கும் ஒரு குறை உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்: கத்திரி வெயிலில் கட்டுக்குள் வியர்த்து அரிக்கும், கையை விட்டுச் சொறியவும் முடியாது. விடுமுறை உங்களுக்கு அப்போதுதான் என்றால் குளிர்சாதன வசதியுள்ள அறையிலோ நல்ல காற்றோட்டமுள்ள அறையிலோ படுக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாம்பலத்துக்காரர் சொன்ன முதுகுவலி உண்மைதான். அதற்கு மாற்று இருக்கிறது. அறுவை செய்த காலில் போடும் சர்ஜிக்கல் செருப்பின் உயரத்தை அளந்து, மறுகாலுக்கு ஏறக்குறைய அதே உயரத்தில் தடித்த அடி உள்ள செருப்பு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். நான் இரண்டாவது முறைதான் அப்படிச் செய்தேன். முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் இடையே இடுப்பில் தெரிந்த வித்தியாசம் கணிசமானது.

பிரித்துச் செய்வதில் ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் கால் ஆறிவரும் மாதங்களில் உடம்பின் பாரத்தை எல்லாம் மற்றக் கால்தான் சுமக்கிறது. ஏற்கெனவே நோகிற கால் அது. எனக்கு அந்த இடைக்காலத்தில் வலது காலின் வலி முன்பைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. அதோடு, முதல் முறை எதுவும் தெரியாமல் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டாவது முறை எல்லாம் தெரிந்தே போக வேண்டியிருந்தது. நாளைத் தள்ளிப் போடத்தான் மனம் காரணம் தேடியது.

ஸ்கூட்டர் ஓட்டுபவராக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் காலை ஊன்றுகிற வேகத்தில் முழுப் பாரமும் பாதத்தின் முன்பகுதியில்தான் விழுகிறது. மருத்துவர் சொன்ன பிறகும் எனக்கு நம்பிக்கை வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஆட்டோவும் மெட்ரோவும்தான். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருப்பதன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.


அடையாறு இயன்முறையாளர்:

பாதச் சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் பாதத்தைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு மாறாக இதில் எதுவும் இருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

உங்கள் கேள்விக்கான விடை, நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. வலது காலின் நடுப்பகுதி மூட்டையும் இறுக்க வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெருவிரலுக்கு நேராகப் பாதத்தில் ஓடும் நீண்ட எலும்பும், அதன் பின்னால் இருக்கும் சிறு எலும்பும் சேரும் மூட்டு அது. அந்த மூட்டையே நிரந்தரமாக இணைத்துவிடும் முறைக்கு லாபிடஸ் என்று பெயர். 1930-களிலிருந்து வழக்கில் இருப்பது. சாய்வு அதிகமாகவும் மூட்டு தளர்ந்தும் இருப்பவர்களுக்கு இது பொருத்தமான சிகிச்சை. ஆனால் இரண்டு எலும்புகள் ஒன்றாகக் கூட வேண்டும் என்பதால், வழக்கமாகச் சுமார் ஆறு வாரங்கள் அந்தக் காலில் பாரம் போட அனுமதிக்க மாட்டார்கள். புதிய தகடுகளையும் திருகுகளையும் பயன்படுத்தும் சில மருத்துவர்கள் அதற்கு முன்பே அனுமதிப்பதுண்டு. எலும்பை வெட்டி நகர்த்தும் செவ்ரான், ஸ்கார்ஃப் போன்ற முறைகளில் குதிகாலை ஊன்றி உடனேயே நடக்கலாம். மாம்பலத்துப் பெரியவருக்கு நடந்தது அந்த வகை.

ஆகவே, வலது காலில் பாரமே போடக் கூடாது, இடது காலில் குதிகாலை மட்டும்தான் ஊன்றலாம் என்ற நிலையில், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில், பகல் முழுவதும் 80 வயது மாமியாரோடு மட்டும் இருக்கப்போகிறீர்கள் என்றால், ஒரே நாளில் இரண்டையும் செய்துகொள்வதற்கு நான் உடன்பட மாட்டேன். செலவை மிச்சப்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒருமுறை விழுந்தால், வைத்த திருகு நகர்ந்து, மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவாகிவிடும். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வலது காலுக்கு லாபிடஸ் நிச்சயமா, எத்தனை வாரம் பாரம் போடக் கூடாது என்பதுதான். அந்த விடை தெரிந்தால் மற்றவை தாமாகவே தெளிவாகும்.

அடுத்து, ஜூனில் பள்ளிக்குத் திரும்புவது. ஒரு கால் மட்டுமே செய்துகொண்டாலும் அது நடக்காது என்றே எண்ணுகிறேன். வெட்டிய எலும்பு கூடுவதற்கே ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வாரங்கள் ஆகும். தையலை இரண்டு வாரம் முடியும் தறுவாயில் பிரிப்பார்கள். ஆறாம் வாரத்தில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, அகலமான சாதாரணக் காலணிக்கு மாறச் சொல்வார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை உள்ளவர்கள் அதற்கு முன்பே திரும்புவதுண்டு. பலகைக்கு முன் மணிக்கணக்கில் நிற்கிற உங்களுக்கு மூன்று மாதங்கள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மருத்துவ விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். உட்கார்ந்து பாடம் நடத்தவும் கீழ்த்தளத்தில் வகுப்பு ஒதுக்கவும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டிப் பேசுங்கள். வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதமாகும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகிறது. நான்காம் மாதத்தில் மாலை நேரத்தில் பாதம் தடித்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்துப் பலர் கலங்குகிறார்கள். வீக்கம் மட்டும்தான் என்றால் அது இயல்பானது.

தயாராகும் காலத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லைக்கோட்டில் இருக்கும் சர்க்கரையை அலட்சியப்படுத்தாதீர்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பல மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள்; உங்களுக்கு அதில் சிக்கல் இருக்காது என்றாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையை அறுவை நாளன்று காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுவது நல்லது. வெயிலில் வாழ்ந்தும் அது குறைவாக இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நகச்சொத்தை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். தோலில் வெடிப்பும் புண்ணும் இருக்கும் பாதத்தில் கத்தி வைக்க எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார். வாக்கர் பிடித்து நடக்கவும், கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழவும் இப்போதே பழகுங்கள். கைகளுக்கும் தொடைகளுக்கும் வலு இருந்தால் முதல் இரண்டு வாரங்களின் சிரமம் பாதியாகக் குறையும்.

மெட்டியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். அறுவை அரங்கில் ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தோல் சுட்டுவிடும் அபாயம் ஒருபுறம். பிறகு வீங்கும் விரலை மெட்டி இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அபாயம் மறுபுறம். ஏறி உட்கார்ந்த விரலில் போட்ட மெட்டி எளிதில் வராது. சோப்பு நீர் போட்டும் வராவிட்டால் ஒரு வாரம் முன்னதாகவே பத்தரிடம் கொடுத்து வெட்டிவிடுங்கள். மாமியாருக்கு மனக்குறை இருந்தால், வீக்கம் வடிந்த பிறகு அதே வெள்ளியில் விரல் அளவுக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதே நேரத்தில் காலுக்கு மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனியின் நிறத்தைப் பார்த்துத்தான் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று செவிலியர்கள் அறிகிறார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு, படுத்திருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை விழித்திருக்கும் நேரமெல்லாம் அவ்வப்போது செய்ய வேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க அது உதவும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் வலி வந்தாலோ, அடுத்த நாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சல், கட்டில் கசிவு, துர்நாற்றம், விரல் நுனி நீலமாவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். பெருவிரலை மடக்கி நீட்டும் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பது செய்த முறையைப் பொறுத்தது. வெட்டி நகர்த்தும் முறைகளில் தையல் பிரித்ததும் தொடங்கச் சொல்வது வழக்கம். வலிக்குப் பயந்து இதைத் தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிப்போகும். பின்னர் அதை நெகிழ்த்துவது என் போன்றவர்களுக்கும் கடினம், உங்களுக்கு அதைவிடக் கடினம். தழும்பை ஒட்டி விரலின் ஒரு பக்கம் மரத்திருப்பது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் மாதங்களில் குறையும், சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும்.

புடைப்பு திரும்ப வரும் வாய்ப்பும் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய முனையுள்ள ஷூக்களுக்குத் திரும்பிவிட்டால் அந்த வாய்ப்பு கூடும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் ஓடும் ஹவாய்ச் செருப்பும் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். விரலால் பற்றிக்கொண்டு நடக்க வேண்டிய செருப்பு அது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடக்காமல், பின்பட்டை உள்ள மெத்தென்ற செருப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.


சலங்கை:

ஆசிரியை அவர்களுக்கு. நான் திருவான்மியூரில் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். இரண்டு கால்களிலும் உங்களைப் போலவே புடைப்பு உண்டு. இன்றுவரை அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தே வந்திருக்கிறேன். முழுமண்டியில் உட்காரும்போது பாரம் முழுவதும் மடங்கிய பெருவிரல் மூட்டில்தான் நிற்கிறது. சிகிச்சைக்குப் பின் அந்த மூட்டின் மடக்கம் சற்றுக் குறையலாம் என்று மருத்துவர் சொன்னபோது, வலியோடு ஆடுவதா, வலியில்லாமல் ஆடாமல் இருப்பதா என்ற நிலையில் முதலாவதைத் தேர்ந்தேன். தொழிலை விட்ட பிறகு செய்துகொள்வேன். உங்களுக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. ஆனாலும், கோயிலில் தரையில் விழுந்து வணங்குவது, கோலம் போடக் குந்தி உட்காருவது, இந்தியக் கழிப்பறை ஆகிய எல்லாவற்றிலும் பெருவிரல் மூட்டு மடங்கியாக வேண்டும். எவை உங்களுக்கு விட முடியாதவை என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் எக்ஸ்ரேயில் தெரியும் கோணத்தை மட்டும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.


நங்கநல்லூர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இயன்முறையாளர் சொன்ன கேள்வியை மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். வலது காலுக்கு லாபிடஸ்தான், ஆறு வாரங்கள் பாரம் போடக் கூடாது என்றார். ஒரே நாளில் இரண்டும் என்பதை அவரே கைவிடச் சொன்னார். தொந்தரவு அதிகமாக உள்ள வலது காலை ஏப்ரல் இறுதியில் செய்துகொள்கிறேன். இடது கால், எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு, மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கோலத்தைப் பற்றிச் சலங்கை அவர்கள் எழுதியதை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அடுத்த மார்கழிக்கு ஸ்டிக்கர் கோலம் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். மெட்டிக்கும் சம்மதம் கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு சிக்கல்தான் இருக்கிறது. தையல் பிரிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் இரண்டு மாடி இறங்கி ஏற வேண்டும். காலில் பாரம் போடாமல் அதை எப்படிச் செய்வது? ஆள் வைத்து நாற்காலியோடு தூக்கச் சொல்லலாம் என்கிறார் கணவர். எங்கள் மாடிப்படி குறுகலானது, திருப்பத்தில் கைப்பிடியும் இல்லை.


அடையாறு இயன்முறையாளர்:

குறுகலான படியில் நாற்காலியோடு தூக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்குபவர்களில் ஒருவர் தடுமாறினால் மூவரும் விழுவீர்கள். உட்கார்ந்தபடியே ஏறி இறங்குவதுதான் பாதுகாப்பு. இறங்கும்போது மேல்படியில் உட்கார்ந்து, வலது காலை முன்னால் நீட்டி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் இடது காலையும் ஊன்றி ஒவ்வொரு படியாக நகருங்கள். ஏறும்போது படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதே போல் பின்னோக்கி மேலே போகலாம். உங்களுக்குக் கீழே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். இன்னொருவர் வாக்கரைக் கொண்டுவர வேண்டும். மாடித் திருப்பத்தில் ஒரு முக்காலியைப் போட்டு இளைப்பாறிக்கொள்ளுங்கள். உச்சியில் தரையிலிருந்து எழுவதுதான் கடினம் என்பதால், முதலில் ஒரு தாழ்வான மணையிலும் அதிலிருந்து நாற்காலியிலும் ஏறி அமருங்கள். புடவையைவிடச் சுடிதார் இதற்கு வசதி. சிகிச்சைக்கு முன்பே, இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை முழுவதுமாகச் செய்து பாருங்கள். கை வலு போதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். போதாது என்று தோன்றினால், அந்த ஆறு வாரங்களுக்குத் தரைத்தளத்தில் வசிக்கும் உறவினர் வீட்டுக்கு மாறிவிடுவதைப் பற்றி யோசியுங்கள்.


மாம்பலத்துக்காரர்:

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஆட்டோ வேண்டாம், கார் சொல்லுங்கள். பின் இருக்கையில் ஒரு பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து, காலை இருக்கையின் மேலேயே நீட்டிக்கொள்ளலாம். அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயுங்கள். புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும்போது காலை நீட்டி வைக்க இன்னொரு நாற்காலி வேண்டும் என்று தயங்காமல் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் நேரத்தில் தொங்கிய கால்தான் எனக்கு அன்றிரவு முழுவதும் வலித்தது.